நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரம்

அட்டை போய்விட்டது. முதல் பதினாறு பக்கமும் இல்லை.
எழுதியவர் பெயர் என் பேரேட்டில் மட்டும் இருக்கிறது,
அதிலும் பாதியைக் கரையான் வாசித்துவிட்டது.
லெட்சுமாங்குடிக் கிளை நூலகத்தில்
அதிகம் வெளியே போய் வருகிற நாவல் அதுதான்.

பஞ்ச காலக் கதை.
மரக்காலின் உள்ளடியில் மெழுகு பூசி
அளந்து போடும் ஒரு கணக்கன் வருகிறான்.
மெழுகின் கனம் ஒரு விரற்கடை.
அந்த விரற்கடைக்குள் ஒரு தெரு செத்துப்போகிறது.

வாசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை.
அவன் வரும் இடமெல்லாம் ஓரத்தில்
'பாவி', 'கட்டையில போவான்'.
பச்சை மையில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்:
'இவன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?'
அபராதம் போட வேண்டியவள் நான்.
போட்டதில்லை. மூன்றாவது 'பாவி' என்னுடையது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள்
நாலு கை மாறித் திரும்பி வந்ததைப் புரட்டினேன்.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், நீல மை, புதுசு:
'அவனிடம் கேட்டவனை ஏன் எழுதவில்லை?
மேலே ஒருவன் கேட்காமலா இவன் பூசுவான்?'

அடுத்த பக்கத்திலேயே, அதே கை:
'எழுதியிருக்கிறார்.'

நூற்று ஐம்பத்தொன்றில் சொல் எதுவும் இல்லை.
கணக்கன் தன் வீட்டு அரிசியை
அதே மரக்காலால் அளக்கும் இடம்.
பேனாவை ஊன்றி வெகுநேரம் நின்றிருக்க வேண்டும்.
ஒரு புள்ளி. தாளின் மறுபக்கத்திலும் தெரிந்தது.

'கேட்டவனை'.
துதிக்கை தூக்கிய பழைய னை.
இப்போது யார் அப்படி எழுதுகிறார்கள்?
என் அண்ணன் வேதரெத்தினத்தின் சட்டைப் பையில்
நான்காய் மடித்த கொள்முதல் நிலையத்துச் சீட்டு இருந்தது:
'ஈரம் 19. மூட்டைகளைத் திருப்பி எடுத்துச் செல்லவும்.'
அந்த ளைக்கும் துதிக்கை.
மூட்டைக்கு நாற்பது கொடுத்தவர்கள் நெல்
அதே மழையில், அதே களத்தில்
பதினேழுக்குக் காய்ந்து லாரி ஏறியது.
அண்ணனுடையது பதினோராம் நாள்
சாக்குக்குள்ளேயே முளைத்தது.

உத்திராபதி. பட்டியல் எழுத்தர்.
முகத்துக்கு நேரே சொல்ல
ஒரு வாக்கியம் எடுத்து வைத்திருந்தேன்,
அந்த நாவலிலிருந்தே.

வெள்ளிக்கிழமை வந்தார்.
உள்ளே சொட்டக் கூடாதென்று
குடையை வாசலிலேயே சாய்த்து வைத்தார்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
புத்தகங்களை நனைக்கிறவராக இருந்திருக்கலாம்.

'இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்குங்களா?'
'இல்லை.'
'அந்தக் கணக்கன் என்ன ஆனான்னு சொல்லலியே.'
'சொல்லாமலே முடிச்சிட்டாங்க.'

வருகைப் பதிவேட்டை நகர்த்தினேன்.
கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை.
நேற்றைய பக்கத்தின் முப்பது பெயரையும்
ஈரமானி முள்ளைப் பார்ப்பது போல்
மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

முப்பது பேர் வராவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள்.
வருவது ஆறு பேர்.
மீதியை நான் பெற்றெடுக்கிறேன், மூன்று பேனாவால்:
கடை மாற்றிய தையற்காரி,
கணக்கில் அரியர் வைத்த பையன்,
வெண்ணாற்றுப் படுகையில் வாத்து மேய்க்கும் ஒருவர்.
ஊர் உண்டு, தொழில் உண்டு, கையெழுத்து உண்டு.
உடம்புதான் இல்லை.

'மூணு பேனாவும் நல்லா எழுதுது' என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
என் வாக்கியமும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் அண்ணன் சொன்னான்:
'மூட்டைக்கு முப்பத்தஞ்சு ஆக்கிட்டான்,
என்ன நோக்காடோ.'
ஐந்து ரூபாய்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவலுக்கு
அது அதிகமா, குறைவா?
எந்த மரக்காலை எடுத்து அளப்பது?

மணி ஐந்தே முக்கால். ஆறு பேரும் போயாயிற்று.
ஏழாவது ஆளுக்குப் பெயர் வைக்கப்
பேனாவை ஊன்றியிருக்கிறேன்.
தாளில் மை ஊறுகிறது.
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது;
அண்ணன் தார்ப்பாய்க்கு ஓடிக்கொண்டிருப்பான்.